முழுத் திரைக்கதை கையில் இருக்கிறது, படிக்கத்தான் ஆள் இல்லை: எங்கே காட்டுவது?

மேட்டூர்க்காரன்

வணக்கம். சேலத்தில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு எழுதும் வேலை. சினிமாவில் யாரையும் தெரியாது. வசனம் உட்பட முழுத் திரைக்கதை ஒன்றை எழுதி முடித்து, ஸ்பைரல் பைண்டிங் போட்டு வைத்திருக்கிறேன். இயக்கும் ஆசை இல்லை, எழுத மட்டும்தான் ஆசை.

நண்பர்களிடம் கொடுத்தால் வாட்ஸ்அப்பில் "சூப்பர் மச்சி" என்று ஒரு கைதட்டல் வருகிறது. அப்புறம் நேரில் பார்க்கும்போது கேட்கும் கேள்வியிலேயே பாதிப் பேர் படிக்கவில்லை என்று தெரிந்துவிடுகிறது. இது தேறுமா தேறாதா என்று நேர்மையாகச் சொல்ல ஆள் எங்கே கிடைக்கும்? தயாரிப்பு நிறுவனங்களுக்கு மெயில் போட்டேன், பதில் இல்லை. அவர்கள் மெயிலைப் படிப்பார்களா?

மூன்றுவருட ஏடி

படிக்க மாட்டார்கள். அடுத்த கேள்வி?

பழைய அசோசியேட்

ஏடி (அசிஸ்டென்ட் டைரக்டர்) தம்பி சொன்னது சரிதான், ஆனால் ஏன் என்று சொல்லியிருக்கலாம்.

மேட்டூர்த் தம்பி, கோடம்பாக்கத்தில் கதை காதால் வாங்கும் சரக்கு. ஹீரோ கேட்பார், தயாரிப்பாளர் கேட்பார், ஹீரோவின் மேனேஜர் கேட்பார். பேப்பரை நீட்டினால் "சொல்லுங்க பிரதர்" என்பார்கள். பவுண்ட் ஸ்கிரிப்ட், அதாவது பைண்ட் போட்ட முழுத் திரைக்கதை இருக்கிறதா என்று இப்போது நிறையப் பேர் கேட்கிறார்கள், உண்மை. இருக்கிறதா என்று கேட்பார்கள், எடுத்துப் படிப்பவர்கள் குறைவு.

இது எப்போதும் இப்படி இல்லை. எழுதுகிறவர்களைச் சம்பளம் கொடுத்து உட்கார வைத்த காலம் ஒன்று இருந்தது. தேவர் பிலிம்ஸ் படங்களின் டைட்டிலில் "தேவர் பிலிம்ஸ் கதை இலாகா" என்று வரும், பார்த்திருப்பீர்கள். கதை கொண்டு வருகிறவன் நேராக அந்த இலாகாவிடம் போவான். அங்கே நாலைந்து பேர் உட்கார்ந்து பிரித்து மேய்வார்கள். பிறகு "கதை, திரைக்கதை, வசனம், இயக்கம்" எல்லாம் ஒரே பெயரில் வருவதுதான் கௌரவம் என்று ஆனது. இலாகாவும் போயிற்று, படிக்கிற ஆளும் போனார். இன்று ஒரு கதைக்குக் கருத்துக் கிடைக்கும் இடம் கதை விவாதம்தான். வளசரவாக்கத்திலோ சாலிகிராமத்திலோ ஓர் அறை, தரையில் பாய், நாலு அசிஸ்டென்ட், ஃப்ளாஸ்கில் டீ. ஆனால் அந்த அறைக்குள் போக நீங்கள் அந்த டைரக்டரின் டீமில் இருக்க வேண்டும். வெளியாளுக்குக் கதவு கிடையாது.

அதனால் முதல் வேலை, கதையைச் சொல்லிப் பழகுங்கள். இருபது நிமிடத்தில் சொல்லுங்கள். சினிமா பற்றிப் பேசாத ஆளாகப் பாருங்கள், சித்தப்பா, டீக்கடைக்காரர், யாராக இருந்தாலும் சரி. "நல்லா இருக்கா" என்று மட்டும் கேட்காதீர்கள். இரண்டு நாள் கழித்துப் போய் "அந்தக் கதையை நீங்கள் எனக்குச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். அவர் எதை விட்டுவிட்டுச் சொல்கிறாரோ அது உங்கள் கதையில் ஒட்டாத சதை. எதை மாற்றிச் சொல்கிறாரோ அங்கே நிறுத்தி யோசியுங்கள். சில சமயம் அவர் மாற்றிச் சொன்னதுதான் சரியான கதையாக இருக்கும்.

மூன்றுவருட ஏடி

அண்ணன் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இவர் இயக்க மாட்டேன் என்கிறார். எழுத்தாளர் மட்டும் என்றால் இங்கே என்ன நடக்கும் தெரியுமா? டைரக்டர் கதையைக் கேட்பார், "டீமில் சேர்ந்துக்கோ" என்பார், ஆறு மாதம் தினப்படிப் பேட்டாகூட இல்லாமல் உட்கார வைப்பார். டைட்டிலில் "கதை விவாதம்" என்று பன்னிரண்டு பேர் பட்டியலில் ஒன்பதாவதாகப் பெயர் வரும். கண்ணாரப் பார்த்திருக்கிறேன். இயக்கவே மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டாம் என்பது என் யோசனை.

ஸ்கார்பரோ குளிர்

இஞ்ச கனடாவில் இருந்து எழுதுறன். அமெரிக்கக்காரரின் முறையையும் சொல்லி வைக்கிறேன், ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

அங்கே வாசிக்கிறதுக்கென்றே சம்பளத்துக்கு ஆட்கள் இருக்கினம். ஸ்டுடியோவுக்கு வரும் திரைக்கதையை முதலில் ஒரு ரீடர் வாசித்து, கதைச் சுருக்கமும் தன் கருத்தும் எழுதி, கடைசியில் "எடுக்கலாம்", "யோசிக்கலாம்", "வேண்டாம்" என்று ஒன்றைப் போடுவார். இதைக் கவரேஜ் என்பினம். மேலே இருப்பவர் பெரும்பாலும் அந்த இரண்டு மூன்று பக்கத்தைத்தான் பார்ப்பார். ஏஜென்ட் இல்லாமல் நேரே அனுப்பினால் பெரிய நிறுவனங்கள் உறையைத் திறக்காமலே திருப்பி அனுப்பும். நாளைக்கு யாராவது வழக்குப் போடுவினம் என்ற பயம்தான் காரணம்.

அந்த ஏஜென்ட் சுவரைத் தாண்ட வந்தவற்றில் ஒன்று பிளாக் லிஸ்ட். 2005இல் ஃபிராங்க்ளின் லியோனார்ட் என்பவர், அப்போது ஒரு தயாரிப்பு நிறுவனத்தில் வேலை பார்த்தவர், தன்னைப் போன்ற வேலையில் இருந்தவர்களிடம் "இந்த வருடம் வாசித்ததில் பிடித்த, இன்னும் படமாகாத திரைக்கதை எது?" என்று பெயர் சொல்லாமல் கேட்டுத் தொகுத்தார். அது கை மாறி எல்லா அலுவலகத்துக்கும் போயிற்று. 2012இல் யாரும் காசு கட்டித் தங்கள் திரைக்கதையை ஏற்றலாம், ரீடரின் மதிப்பெண் வாங்கலாம் என்று ஒரு தளமாகவும் தொடங்கினார்கள். பத்துக்கு எட்டு வந்தால் கவனிப்பினம். ஆறு வந்தால் உங்கள் காசுக்கு ஒரு பக்கக் கருத்து, அவ்வளவுதான். ஒரு மதிப்பீட்டுக்கு 100 டொலர் அளவில் போகும்.

ஆஸ்கர் விருது கொடுக்கிற அகாடமி நிக்கல் ஃபெலோஷிப் என்று ஒரு போட்டி நடத்துது. பல வருடமாக யாரும் நேரே அனுப்பலாம் என்று இருந்தது. 2025இல் அதை மாற்றி, பல்கலைக்கழகங்கள் மூலமும் பிளாக் லிஸ்ட் போன்ற இடங்கள் மூலமும்தான் என்று ஆக்கிவிட்டினம். அதே வருடம் போட்டி முடிவுகளையெல்லாம் ஒரே இடத்தில் காட்டிக்கொண்டிருந்த கவர்ஃப்ளை தளமும் மூடப்பட்டது. கனபேர் வருடக்கணக்கில் சேர்த்து வைத்த தரவரிசை ஒரு நாளில் இல்லாமல் போயிற்று. அதால அங்கே எல்லாம் ஒழுங்காக ஓடுது என்று நினைக்க வேண்டாம்.

தமிழில் எழுதியதற்கு இந்த இடங்களால் நேரடிப் பயன் இல்லை. ஆனால் ஒரு பழக்கத்தை எடுத்துக்கொள்ளலாம். டேபிள் ரீட். ஐந்தாறு பேர் மேசையைச் சுற்றி இருந்து ஆளுக்கு ஒரு பாத்திரத்தைச் சத்தமாக வாசிப்பது. நீங்கள் வாசிக்கக்கூடாது, ஒரு மூலையில் இருந்து கேட்க வேண்டும். உங்கள் வசனத்தை வேறொருவர் வாயில் கேட்கும்போது எது பொய் என்று உடனே காதில் விழும்.

இரவுக்காட்சி

டேபிள் ரீடுக்கு ஓட்டுப் போடுகிறேன். சென்னையில் நாடக நடிகர்கள் கிடைத்தால் இன்னும் நல்லது. கூத்துப்பட்டறை மாதிரி இடங்களில் பயிற்சி எடுத்தவர்கள் ஒரு டீக்கும் பிரியாணிக்கும் சந்தோஷமாக வந்து வாசிப்பார்கள். சேலத்தில் கல்லூரி நாடகக் குழு எதையாவது பிடியுங்கள்.

இழையைப் படிக்கும் பெண்களுக்கு ஒரு வார்த்தை. கதை சொல்லக் கூப்பிட்டால் ஆபீஸ், பகல் நேரம். "ஹோட்டல் லாபியில் இருக்கிறேன், ரூமுக்கு வந்துடுங்க, டிஸ்டர்பன்ஸ் இல்லாமல் கேட்கலாம்" என்றால் அப்படிக் கேட்கிற கதை நமக்கு வேண்டாம். கூட ஒரு ஆளை அழைத்துப் போங்கள், "என் கோ-ரைட்டர்" என்று சொல்லிக்கொள்ளுங்கள். யாரும் மறுத்ததில்லை.

நூலகப்பூனை

வேறு ஒரு வழியை யாரும் சொல்லவில்லை. எழுத மட்டும்தான் ஆசை என்றால் முதலில் அதைச் சிறுகதையாகவோ குறுநாவலாகவோ எழுதி அச்சில் கொண்டு வாருங்கள். தமிழ் இயக்குநர்களில் படிக்கிறவர்கள் படிப்பது திரைக்கதையை அல்ல, புனைவை. விசாரணை படம் கோவையில் ஆட்டோ ஓட்டிய மு. சந்திரகுமாரின் லாக்கப் நூலிலிருந்து வந்தது. அசுரனுக்குப் பூமணியின் வெக்கை. விடுதலைக்கு ஜெயமோகனின் துணைவன் சிறுகதை. இவர்கள் யாரும் இருபது நிமிடத்தில் கதை சொல்லிப் பழகவில்லை. இன்னொரு லாபமும் உண்டு. அச்சில் வந்த தேதி ஊரறிந்த தேதி. இந்தக் கதை என்னுடையது என்று நாளைக்குத் தனியாக நிரூபிக்க வேண்டாம்.

மூன்றுவருட ஏடி

மூன்று படமும் ஒரே இயக்குநர், வெற்றிமாறன் எடுத்தவை என்பதைக் கவனித்தீர்களா பூனையாரே? அது ஒரு வழி அல்ல, ஒரு மனிதர்.

நூலகப்பூனை

ஹா ஹா. பிடித்துவிட்டீர்கள். சரி, அவர் ஒருவர் போதாதென்றால் இதையும் பாருங்கள். சார்பட்டா பரம்பரை திரைக்கதையில் பா. ரஞ்சித்தோடு சேர்ந்து எழுதிய தமிழ்ப்பிரபா நாவலாசிரியர்தான். எழுத்தில் பெயர் வந்ததும் கூப்பிட்டு உட்கார வைக்கும் வழக்கம் சுஜாதா காலத்திலிருந்தே இங்கே உண்டு. குறுகலான வாசல்தான், ஆனால் நிஜ வாசல்.

மேட்டூர்க்காரன்

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. ஒரு பயம். பத்துப் பேரிடம் கதை சொன்னால் ஒருவர் எடுத்துக்கொண்டு போய்விட்டால்? ரிஜிஸ்டர் தபாலில் எனக்கே அனுப்பிக்கொண்டு உறையைப் பிரிக்காமல் வைத்தால் போதும் என்று ஒருவர் சொன்னார்.

பாளை வக்கீல்

தபால் கதையை விடுங்கள். அதற்குச் சட்டத்தில் தனி மதிப்பு எதுவும் இல்லை. அன்றைக்கு ஏதோ ஓர் உறை போனது என்பதைத் தாண்டி அதை வைத்து நிறுவுவது சிரமம்.

1957ஆம் ஆண்டுக் காப்புரிமை (காப்பிரைட்) சட்டப்படி, எழுதி முடித்த நிமிடமே உரிமை உங்களுடையது. பதிவு கட்டாயம் இல்லை. ஆனால் பதிவு செய்திருந்தால் நீதிமன்றத்தில் அது முதல்நிலைச் சான்று, அதாவது எதிர்த்தரப்பு மறுத்து நிரூபிக்கும் வரை ஏற்கப்படும் சான்று. காப்புரிமை அலுவலகத்தில் இணையம் வழியாகவே செய்யலாம். இலக்கியப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய். விண்ணப்பித்த பிறகு ஆட்சேபம் வருகிறதா என்று 30 நாள் காத்திருப்பார்கள். அதன் பிறகுதான் ஆய்வு, சான்றிதழ். தாமதமாகும், பொறுமை வேண்டும். இதைத் தவிர தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்திலும், மும்பையில் இருக்கும் ஸ்கிரீன்ரைட்டர்ஸ் அசோசியேஷனிலும் உறுப்பினராகிப் பதிவு செய்யலாம்.

சங்கப் பதிவு வெறும் முத்திரைதானே என்பவர்களுக்கு 2018 சர்கார் பட விவகாரம். ஓர் உதவி இயக்குநர் 2007இல் சங்கத்தில் பதிவு செய்திருந்த கதை. தலைவராக இருந்த கே. பாக்யராஜ் அந்தக் கதையையும் படத்தின் கதையையும் பார்த்து, கரு ஒன்றுதான் என்றார். விஷயம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போய், கடைசியில் படத்தில் அவர் பெயருக்கு நன்றி அட்டை போடுவது என்று சமரசமானது. அந்தப் பதினொரு வருடப் பழைய பதிவு இல்லையென்றால் யாரும் அவரை உட்கார வைத்துக் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஆனால் எண்ணத்துக்கு உரிமை கிடையாது, எழுதிய வடிவத்துக்குத்தான். 1978இல் உச்ச நீதிமன்றம் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் சொன்னது இது. டெல்லி நாடக ஆசிரியர் ஒருவர், தன் நாடகத்தை எடுத்துப் படமாக்கிவிட்டார்கள் என்று போனார். ஒரே கருப்பொருளை வேறு விதமாகக் கையாண்டால் அது திருட்டு ஆகாது என்று சொல்லிவிட்டார்கள், அவர் தோற்றார். இரண்டையும் பார்த்த ஒருவருக்கு இது அதன் நகல்தான் என்று ஐயமில்லாமல் தோன்ற வேண்டும், அதுதான் அளவுகோல். ஆகவே ஒருவரியை, அதாவது கதைச் சுருக்கத்தை மட்டும் பதிவு செய்து பெட்டியில் பூட்டுவதில் பிரயோஜனம் இல்லை. முழுத் திரைக்கதையைப் பதிவு செய்யுங்கள். அப்புறம் தாராளமாகச் சொல்லுங்கள். கதை சொல்லிவிட்டு வந்த அன்று மாலையே "இன்று நேரம் ஒதுக்கி இந்தக் கதையைக் கேட்டதற்கு நன்றி" என்று சுருக்கத்தையும் சேர்த்து ஒரு மெயில் போடுங்கள். மரியாதையாகவும் இருக்கும், தேதியோடு பதிவாகவும் இருக்கும்.

உரிமையை எழுதிக் கொடுக்கும் நாள் வந்தால் சட்டத்தின் 19ஆம் பிரிவை ஒரு முறை படித்துவிட்டுப் போங்கள். வாய்வார்த்தையாகக் கொடுத்தது செல்லாது, கையெழுத்தோடு எழுத்தில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம். எந்தப் பகுதிக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். வாங்கியவர் ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் உரிமை உங்களிடம் திரும்பும், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாத வரை. வேறு மாதிரி எழுதத்தான் பார்ப்பார்கள். அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

அந்தேரி வெஸ்ட்

தாமதமாக வருகிறேன். நான் நெல்லைக்காரி, மும்பையில் வெப் சீரிஸ் எழுதும் அறைகளில் வேலை பார்க்கிறேன்.

எழுத மட்டும்தான் ஆசை என்பதைக் குறையாகப் பேச வேண்டாம் ஏடி சார். சீரிஸ் வந்த பிறகு எழுதுகிறவர் வேறு, இயக்குகிறவர் வேறு என்பது தமிழிலும் நடக்கிறது. சுழல் தொடரின் முதல் சீசனை உருவாக்கி எழுதியது புஷ்கர்–காயத்ரி, இயக்கியது பிரம்மாவும் அனுசரணும். எழுத்து அறையில் ஜூனியராக நுழைய ஒரு முழுத் திரைக்கதை சாம்பிளாகப் போதும். அது படமாக வேண்டும் என்றுகூட இல்லை.

வெளியாட்கள் விண்ணப்பிக்கும் இடங்களும் இருக்கின்றன. என்.எஃப்.டி.சி. என்கிற தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் 2007 முதல் ஸ்கிரீன்ரைட்டர்ஸ் லேப் நடத்துகிறது. எந்த இந்திய மொழிப் படமாகவும் இருக்கலாம், விண்ணப்பம் மட்டும் ஆங்கிலத்தில். சில திரைக்கதைகளைத்தான் எடுப்பார்கள். எடுத்தால் அனுபவப்பட்ட ஒரு மென்டரோடு உட்கார்ந்து வரி வரியாகத் திருத்துவார்கள். பிறகு நவம்பரில் கோவாவில் வேவ்ஸ் ஃபிலிம் பஜார் நடக்கும்போது தயாரிப்பாளர்களைச் சந்திக்க வைப்பார்கள். தி லஞ்ச்பாக்ஸ் இந்த லேபில் வளர்ந்ததுதான். ஸ்கிரீன்ரைட்டர்ஸ் அசோசியேஷனும் பிட்ச் ஃபெஸ்ட் நடத்தியிருக்கிறது. அதில் ஐந்து நிமிடத்தில் சொல்லத் தெரிந்தவர் ஜெயிப்பார்.

காசு வாங்கிக்கொண்டு கருத்துச் சொல்கிறவர்கள் இங்கேயும் முளைத்திருக்கிறார்கள். நான் கேட்பது ஒன்றுதான், இவர் பெயர் எழுத்தாளராக எந்தப் படத்தில் வந்தது? பெயர் இருக்கிறது, நேரம் ஒதுக்கிப் படித்து உட்கார்ந்து பேசுகிறார் என்றால் காசு கொடுப்பதில் தப்பில்லை. "உங்கள் ஸ்கிரிப்டைப் பெரிய ஹீரோவிடம் சேர்த்துவிடுகிறேன்" என்று சேர்த்துச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

மேட்டூர் சார், இவ்வளவு பேசிவிட்டோம், கதை என்ன என்று யாரும் கேட்கவில்லையே. ஒருவரியை இங்கே போடுங்கள். வக்கீல் சார் சொன்னபடி முதலில் பதிவு செய்துவிட்டுப் போடுங்கள்.

மேட்டூர்க்காரன்

விண்ணப்பம் போட்டுவிட்டேன், டைரி எண் வந்துவிட்டது. ஒருவரி இது:

தவணை கட்டாத வண்டிகளைத் தூக்கும் சீஸிங் ஆள் ஒருவன், ஒரு தனியார் ஆம்புலன்ஸை ஆஸ்பத்திரி வாசலிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்துவிடுகிறான். பாதி வழியில்தான் பின்னால் ஒரு பிணம் இருப்பது தெரிகிறது. விடிவதற்குள் அதை உரியவர்களிடம் சேர்க்க வேண்டும்.

பழைய அசோசியேட்

தம்பி! இது சொல்லலாமே! இதை வைத்துக்கொண்டா அறையில் உட்கார்ந்திருக்கிறீர்கள்?

மூன்றுவருட ஏடி

நல்லாதான் இருக்கு. ஒரு கேள்வி. பிணம் தெரிந்ததும் வண்டியைத் திருப்பி அதே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டால் படம் பதினைந்தாவது நிமிடத்தில் முடிந்துவிடுமே. ஏன் போகவில்லை?

மேட்டூர்க்காரன்

போலீஸ் பயம். திருட்டு கேஸ் ஆகிவிடும் என்று நினைக்கிறான்.

அந்தேரி வெஸ்ட்

அது அவனை ஓட வைக்கும், சேர்க்க வைக்காது. பயந்தவன் வண்டியை ஓரம் கட்டிவிட்டுப் பஸ் ஏறிவிடுவான். அவன் விட்டுவிட்டுப் போக முடியாதபடி ஒன்று வேண்டும். எழுதிய முதல் பத்துக் காட்சியில் அது எங்காவது இருக்கிறதா?

மேட்டூர்க்காரன்

நான்காவது காட்சியில் அவன் அப்பாவின் சாவுக்கு அவன் போகாதது பற்றி ஒரு வசனம் வருகிறது. ஆனால் அதை நான் பெரிதாக்கவில்லை.

பழைய அசோசியேட்

அதை வசனமாக வைத்தால் ஒட்டாது. பார்க்கிறவன் பாப்கார்ன் வாங்கப் போன நேரத்தில் போய்விடும். காட்சியாக வையுங்கள், ஆனால் சோகப் பாட்டு வேண்டாம்.

தவணை மாமா

நான் சினிமாக்காரன் இல்லை, ஈரோடு பக்கம் வாகன ஃபைனான்ஸில் ரொம்ப வருடமாக இருப்பவன். ஆம்புலன்ஸ் என்றதும் உள்ளே வந்தேன்.

சீஸிங் ஆள் போலீசுக்குப் பயப்பட மாட்டான் தம்பி. ஒழுங்கான கம்பெனி என்றால் வண்டியைத் தூக்கும் முன்னால் அந்த எல்லை ஸ்டேஷனுக்கு ஒரு கடிதம் கொடுப்போம், தூக்கிய பிறகு இன்னொன்று. அதனால் அவன் போலீசுக்குத் தெரிந்த ஆளாகத்தான் இருப்பான். அவன் பயமெல்லாம் யார்டு மேல்தான், தூக்கிய வண்டிகளை நிறுத்தி வைக்கும் இடம். வண்டி யார்டுக்கு வந்து சேர்ந்தால்தான் அவனுக்குக் கமிஷன். வழியில் திருப்பினால் பெட்ரோலும் கைக்காசு.

யார்டில் இன்னொன்று இருக்கிறது. வண்டியை உள்ளே விடும்போது யார்டுக்காரன் ஒரு இன்வென்டரி ஷீட் எழுதுவான். ஸ்டெப்னி இருக்கிறதா, ஜாக்கி இருக்கிறதா, பேட்டரி என்ன கம்பெனி, டேப் செட் இருக்கிறதா, டயர் எத்தனை சதவீதம் தேய்ந்திருக்கிறது, உள்ளே என்னென்ன சாமான் இருந்தது. கொண்டு வந்தவனும் கையெழுத்துப் போட வேண்டும். ஓனர் பணம் கட்டி வண்டியை எடுக்க வரும்போது அந்த ஷீட்டை வைத்துத்தான் சாமானைத் திருப்பிக் கொடுப்பார்கள். ஒரு முருகன் படம் குறைந்ததற்கு ஒருத்தர் என்னோடு அரை நாள் சண்டை போட்டிருக்கிறார்.

மூன்றுவருட ஏடி

மாமா!!! யார்டில் ஷீட் எழுதுகிறவன் டார்ச் அடித்துப் பின்கதவைத் திறக்கிறான்!

அந்தேரி வெஸ்ட்

அதுதான் இடைவேளை. அதுமட்டும் இல்லை, ஷீட்டில் ஏறிவிட்டால் அது கணக்கில் வந்துவிட்டது. ஓனர் வந்து பணம் கட்டாமல் யார்டு எதையும் வெளியே விடாது. கையெழுத்துப் போட்ட நம்ம ஆள்தான் பொறுப்பு. அவன் விட்டுவிட்டுப் போக முடியாது. ஏடி கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது.

மேட்டூர்க்காரன்

கணக்கு எழுதுகிறவன் நான், எனக்கு இது தோன்றவில்லை பாருங்கள். என் திரைக்கதையில் யார்டு என்பதே இல்லை. பிணம் ரோட்டில், தொப்பூர் கணவாயில் வண்டி குலுங்கும்போது தெரிகிறது. அங்கிருந்து ஒரு துரத்தல். இப்போது யோசித்தால் துரத்தல் முழுக்கச் சும்மா ஓடுகிறது.

பழைய அசோசியேட்

துரத்தலைத் தூக்கிப் போடாதீர்கள், கணவாயை வேறு இடத்தில் பயன்படுத்தலாம். இப்போது செய்ய வேண்டியது, யார்டு காட்சியை மட்டும் தனியாகப் பத்துப் பன்னிரண்டு நிமிடக் குறும்படமாக எழுதுங்கள். ஒரே லொகேஷன், ஒரே இரவு, மூன்று நடிகர்கள். கலைஞர் டிவியில் நாளைய இயக்குநர் என்ற குறும்படப் போட்டி ஓடிய காலத்தில் பார்த்தோமே. முண்டாசுப்பட்டி, பண்ணையாரும் பத்மினியும் இரண்டும் முதலில் குறும்படங்கள்தான். ஒரு தயாரிப்பாளரிடம் முழுத் திரைக்கதையைக் கொடுத்துப் படிக்கச் சொல்வதைவிடப் பன்னிரண்டு நிமிட லிங்க் அனுப்புவது சுலபம், டீ குடித்துக்கொண்டே பார்த்துவிடுவார். நீங்கள் இயக்க வேண்டாம். எழுத்து என்று உங்கள் பெயர் தனி அட்டையில் வர வேண்டும், அதை மட்டும் முதலிலேயே பேசி எழுதி வாங்கிவிடுங்கள்.

மூன்றுவருட ஏடி

நான் இயக்குகிறேன். விளையாட்டில்லை. ஓமலூரில் எனக்குத் தெரிந்த கேமராமேன் ஒருவர் கல்யாண வீடியோ எடுக்கிறார், இரவு லைட்டிங் நன்றாகச் செய்வார். எழுத்து உங்கள் பெயரில் தனி அட்டை, இங்கே எல்லோர் முன்னாலும் சொல்கிறேன். வக்கீல் சார் ஒரு பக்கத்தில் ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தால் இருவரும் கையெழுத்துப் போடுவோம். முழுநீளக் கதை உரிமை உங்களிடமே இருக்கட்டும், குறும்படத்துக்கு மட்டும் எனக்கு.

பாளை வக்கீல்

எழுதித் தருகிறேன், ஃபீஸ் வேண்டாம். குறும்படத்துக்கு மட்டும் என்ற வரியை நீங்களே சொன்னது நல்லது ஏடி சார். பெரும்பாலும் அந்த வரிக்குத்தான் பின்னால் என்னிடம் வருவார்கள்.

ஸ்கார்பரோ குளிர்

எழுதினதும் இணையத்தில் ஒரு டேபிள் ரீட் வைப்போம். யார்டுக்காரன் நான் வாசிக்கிறேன். என் பேச்சு ஈரோட்டுப் பேச்சு மாதிரி இராது, பரவாயில்லையோ?

இரவுக்காட்சி

பரவாயில்லை, ஆனால் மாமா அந்தப் பாத்திரத்தை ஒரு தடவை வாசிக்கட்டும். அவர் எங்கே சிரிக்கிறார் என்று பார்க்க வேண்டும்.

மேட்டூர்க்காரன்

அடுத்த வாரத்துக்குள் முதல் வடிவத்தைப் போடுகிறேன். மாமா, ஒரு சந்தேகம். இன்வென்டரி ஷீட்டில் ஸ்டெப்னி, ஜாக்கி எல்லாம் தனித்தனிக் கட்டம் என்றீர்கள். பிணத்தை எந்தக் கட்டத்தில் எழுதுவார்கள்?

தவணை மாமா

கடைசியில் "இதர பொருள்கள்" என்று ஒன்று இருக்கும். அதில் எண்ணிக்கை 1 என்று போட்டு, நிலைமை என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று உங்கள் யார்டுக்காரன் நம்ம ஆளைத்தான் கேட்பான்.